ஜப்பான் காலத்துச் சிபாரிசியல்: தம்பின் வட்டாரத் தோட்டங்களை முன்வைத்து

சிபாரிசின் பொதுவான நோக்கம் ஆளை வேலையில் ஏற்றுவது. மலாயாவை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அங்குள்ள தம்பின் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வழங்கிய சிபாரிசின் நோக்கமோ, ஆள் ரயிலில் ஏறாமல் பார்த்துக்கொள்வது. இத்துறை எட்டிய உச்சம் இதுவே என்று துணியலாம்.

1942 ஜனவரி 14 அன்று இவ்வட்டாரத்துக் கெமெஞ்சே பாலத்தருகே ஆஸ்திரேலியப் படை ஜப்பானியரை மறித்துத் தாக்கியது. அடுத்த மாதம் சிங்கப்பூரும் விழுந்தது. வெள்ளைக்காரத் துரைமார் போனபின் 'துரைக்கு வேண்டியவர்' என்ற தகுதி செல்லாக்காசாயிற்று. சிபாரிசு அழியவில்லை, பட்டியலில் பேர் எழுதும் கையைத் தேடிக் குடிபெயர்ந்தது. அது தோட்ட எழுத்தரான கிராணியின் கை.

கிராணி ஐயாவை நேரே அணுகுவது மரபன்று. அவருக்கு வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி, கங்காணிக்குக் கங்காணியம்மா என்பதே வழி. ஒரே ஊர், ஒரே குலதெய்வம், சம்பந்தி முறை என ஏதாவது உறவு நிறுவப்பட வேண்டும். ஆதாரம் கிட்டாதபோது கூப்பிட்டே நிறுவிவிடலாம். "மாமா, நம்ம பையன் பேரு வராம பாத்துக்குங்க" என்பதற்கு மேல் விண்ணப்பத்தில் வாசகம் தேவையில்லை. இணைப்பாகக் கோழி. கோழி அருகிய தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கு ஏற்கப்பட்டதா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து எதிர்பார்க்க இயலாது.

அந்தப் பட்டியல் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ஆள் அனுப்புவதற்கானது. பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்கு ஜப்பானியர் ஆள் கேட்டனர். தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் அனுப்பப்பட்டனர். காலரா, மலேரியா, பட்டினி என மடிந்தவர் பலர். ஆகவே தோட்ட மருந்தகத்து டிரஸ்ஸருக்கு எடுபிடி, ஸ்டோர் காவல், மாடு மேய்த்தல் ஆகியவை முதல்தரப் பதவிகளாயின. சம்பளம் பொருட்டல்ல, ஜப்பானியர் வெளியிட்ட வாழைமர நோட்டின் மதிப்பு எப்படியும் தேய்ந்துகொண்டிருந்தது.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின் இந்திய தேசிய ராணுவம் ஆண்களையும், கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படை பெண்களையும் அழைத்தன. விடுதலை வேட்கையில் சேர்ந்தோர் உண்டு. சயாமைவிடத் துப்பாக்கி மேல் என்று சேர்ந்தோரும் உண்டு. கங்காணியம்மாவின் தயவு வேண்டாத பதவி என்பதால் இது சிபாரிசியலின் வரம்புக்குள் வராது.

இக்கலையில் ஒரு குறை உண்டு. கேட்ட எண்ணிக்கை குறையாது. ஒரு பேர் விலகினால் இன்னொரு பேர் ஏறும். மாமா என்று கூப்பிட எவருமற்ற தனிக்கட்டையின் பேராகவே அது பெரும்பாலும் இருக்கும்.

1943 அக்டோபரில் தண்டவாளம் இணைந்துவிட்டது. பராமரிப்புக்கும் ஆள் வேண்டியிருந்ததால், சயாமுக்குப் போனவர்கள் உடனே திரும்பவில்லை.