மெஸ்ஸிக்கு ஒரு சாரன்

கேள்வி: ஆர்ஜென்டினா எந்தப் பக்கம் இருக்கிறது என்றே என் மகனுக்குத் தெரியாது. மெஸ்ஸி தோற்றால் மட்டும் தேம்பித் தேம்பி அழுகிறான். இது என்ன கூத்து?
– ஒரு வாப்பா, கல்முனை

பதில்: 1996 கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில், லாகூரில் அரவிந்த டி சில்வா 107 அடித்தபோது நீங்கள் வரைபடத்தை விரித்து வைத்தா கை தட்டினீர்கள், காக்கா? பந்தும் மட்டையும் வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றிய சரக்கு. புவெனஸ் அயர்ஸில் இரண்டுமே இறங்கின; எடுபட்டது பந்து. கொழும்பில் மட்டை. மிச்சத்தைத் தொலைக்காட்சி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டது. 2022 கால்பந்து உலகக் கிண்ண இறுதியாட்டமோ நம் பிள்ளைகள் உழைக்கப் போன கட்டாரில்! 3-3, பிறகு பெனால்டியில் 4-2. அன்றிரவு மகன் சிரித்திருப்பானே? மருதமுனைத் தறியில் நீல வெள்ளைக் கோடு போட்ட சாரன் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஜேர்சியை உடுத்தத் தயங்கும் ஜும்ஆவுக்கும் அது உதவும்.