அப்பாவிடம் பேசுவது எப்படி: சீசன் கால வழிகாட்டி

முதலில் நிலவரம் விசாரியுங்கள். தண்ணீர் எப்படி விழுகிறது என்று கேட்காமல் குற்றாலத்துக்கு யாரும் வண்டி ஏறுவதில்லை. அப்பாவிடம் பேசப் போகிறவர்தான் விசாரிக்காமல் போய் மாட்டிக்கொள்கிறார். அடுப்படிக்குப் போய், "யம்மா, இன்னைக்கு எப்படி?" என்று கேட்டால் போதும். "காலைலேந்து மோட்டார் ஓடல" என்று பதில் வந்தால் பேச்சை நாளைக்குத் தள்ளுங்கள்.

பேரருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு உண்டு. தண்ணீர் அதைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. போலீஸ்காரர் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றுவார். உங்கள் அப்பாவுக்கும் அப்படி ஒரு வளைவு இருக்கும், கண்டுபிடியுங்கள். என் அப்பாவுக்கு அது மூக்குக்கண்ணாடி. பேப்பர் படித்தபடி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் நிற்கலாம். கழற்றித் துண்டில் துடைக்க ஆரம்பித்தால் கரையேறிவிடுங்கள். வீட்டில் விசில் ஊத ஆள் கிடையாது.

எங்கள் வழக்கு இதுதான். அப்பாவுக்கு வயது 74, முழங்காலில் வலி. ஆனி பிறந்து சாரல் விழுந்ததும், விடியுமுன் தென்காசியிலிருந்து டி.வி.எஸ். ஃபிப்டியை உதைத்துக் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வருவார். அருவி பக்கம்தான், ஆனால் நனைந்த ரோடு.

"யப்பா, ஆட்டோல போங்க."

"சீசன்ல ஆட்டோக்காரன் என்ன கேக்கான் தெரியுமால?"

"துட்டு நான் தாரேன்."

"நீ தந்தா கொறச்சா கேப்பான்?"

ஆதாரம் காட்டாதீர்கள். "டாக்டர் சொன்னாரு" என்றால் "அவரு எந்த ஊரு?" என்று கேட்பார். வெளியூர் என்றால், அருவித் தண்ணியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? உள்ளூர் என்றால் இன்னும் மோசம்: "அவன் அப்பன எனக்குத் தெரியும்." அரசாணையும் செல்லாது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-இல். அப்பா இன்றுவரை கல்யாணப் பத்திரிகை உறையில் 'திருநெல்வேலி மாவட்டம்' என்றுதான் எழுதுகிறார். அரசாங்கமே சொல்லிக் கேட்காதவர்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அலுத்துக்கொள்ளவும் வேண்டாம். குற்றாலநாதர் கோயிலே சங்கு வடிவத்தில்தான் இருக்கிறது. இந்தப் பக்கம் அது பழகிய விஷயம்.

அந்தக் கோயிலிலேயே ஒரு உத்தியும் இருக்கிறது. ஆதியில் அது பெருமாள் கோயில், அகத்தியரை உள்ளே விடவில்லை, அவர் வைணவ வேடம் போட்டு நுழைந்து பெருமாள் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கிவிட்டார் என்பது தலபுராணம். அழுத்திய அழுத்தில் சாமிக்குத் தலைவலி, அதற்குத்தான் இன்றும் மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள் என்பார்கள். ஆக, எதிராளியின் வேடத்தில் நுழைவது. நானும் முயன்றேன். "யப்பா, யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொல்றதுதான் சரி. வண்டியிலயே போங்க." மனசு உறுத்தி, "ஆட்டோ எதுக்கு?" என்று அவராகவே இறங்கி வருவார் என்று கணக்கு. அவர் சந்தோஷமாகிவிட்டார். "அப்ப நீயும் பின்னால ஏறுல." ஃபிப்டியின் கேரியரில், சாரலில், குற்றாலம் வரை போனேன். தைலம் எனக்குத் தேவைப்பட்டது.

இனி உருப்படியான யோசனை. பேரருவித் தண்ணீர் உச்சியிலிருந்து நேராக நம் தலைக்கு வருவதில்லை. நடுவழியில் பாறையில் பொங்குமாகடல் என்ற பெரிய பள்ளம். தண்ணீர் அதில் விழுந்து, சுழன்று, வேகம் தணிந்து, பொங்கி வழிவதைத்தான் நாம் அருவி என்று குளிக்கிறோம். நேராக விழுந்தால் கீழே ஒருவரும் நிற்க முடியாது.

எங்கள் வீட்டில் அது அம்மா. "அவனுக்கு என்ன எழவு தெரியும்?" என்று அப்பா சொல்வது என்னிடம் வரும்போது, "யோசிக்கேன்னு சொன்னாரு" என்று வரும். அப்பா ஆயுளில் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. "எக்கேடோ கெட்டுப் போகட்டும்" என்று நான் சொன்னது, "பிள்ளைக்கு உங்க மேல ஒரே கவலை" என்று அவரிடம் போயிருக்கிறது. நாற்பது வருஷமாக இரண்டு பக்கமும் விழுகிறது. பள்ளம் எவ்வளவு ஆழமாயிற்று என்று நாங்கள் இறங்கிப் பார்த்ததில்லை.

போன வாரம் அம்மா காப்பியை வைத்துவிட்டு, "நானும் அருவிக்கு வாரேன்" என்றாள். அவ்வளவுதான்.

"எல, ஆட்டோவுக்குச் சொல்லு," என்றார் அப்பா. "ஃபிப்டில உங்கம்மா எப்படி உக்காருவா? இதக்கூட நான்தான் சொல்லணுமா?"

நாங்கள் இருவரும் குளித்துத் தலை துவட்டி, பெண்கள் பக்கம் பார்த்தபடி ஈரத்துண்டோடு நின்றோம். அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. அப்பா மூன்று முறை மணி கேட்டார். பிறகு சத்தமாகக் கூப்பிட்டார்.

அம்மா திரும்பவில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டிருக்காது என்றேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.