இல்லை என்று சொல்லாத வள்ளல்

இல்லை என்ற சொல்லே வாயில் வராதவரைத் தமிழ் வள்ளல் என்று பாடியது. அந்தப் பட்டத்துக்கு இன்று முழு உரிமை உள்ளது எது என்று என்னைக் கேட்டால், சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து போட்டுக்கொள்ளும் படம் படிக்கும் லைப்ரரி என்பேன். 2019 பொங்கல் விடுமுறையில் சுத்துக்கேணியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று நாள் அதன் வாசலில் காத்துக் கிடந்தவன் நான். கிடந்தவனுக்குத்தான் அருமை தெரியும்.

எதிர்வீட்டுப் பெண் அப்போது கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். அவள் தாத்தா ஒரு தகரப்பெட்டி நிறையப் பழைய திருவிழா நோட்டீஸ்களைச் சேர்த்து வைத்திருந்தார். எல்லாம் எழுத்துக் கோத்து அடித்த அச்சு. தேர் புறப்படும் நேரம், கூத்து நடக்கும் ராத்திரி, உபயதாரர் பெயர் என்று ஊரின் நாற்பது வருடம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அவற்றைத் திருக்கனூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து, டிஃப் கோப்புகளாகப் பென்டிரைவில் வாங்கி வந்திருந்தாள். அந்தப் படங்களைத் தேடிப் படிக்கக்கூடிய தமிழ் எழுத்தாக மாற்றுவதுதான் அவளுடைய புராஜெக்ட்.

அதற்கு டெஸராக்ட் இருக்கிறது. ஹெச்பி நிறுவனத்தின் ஆய்வகங்களில் 1985க்கும் 1994க்கும் இடையில் உருவாகி, 2005இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டு, பிறகு கூகுள் கையில் வளர்ந்த எழுத்துணரி. 2018 அக்டோபரில் அதன் 4ஆம் பதிப்பு வந்தது. நரம்பு வலையமைப்பை வைத்து வரி வரியாகப் படிக்கும் முறை அதில்தான் வந்தது. அவள் லேப்டாப்பில் இருந்ததோ உபுண்டு 16.04. அதன் களஞ்சியத்தில் கிடைத்தது பழைய 3ஆம் பதிப்பு. ஆகவே சோர்ஸ்.

அந்த வள்ளலின் வாசலில் கண்ட முதல் குணம், சொன்ன சொல் மாறாமை. டெஸராக்டின் கான்ஃபிகரை ஓட்டினால், லெப்டோனிகா 1.74 அல்லது அதற்கு மேல் வேண்டும், லிப்லெப்டோனிகா-டெவ் பொதியைப் போட்டுப் பாருங்கள் என்றது. டெஸராக்டுக்குப் படத்தைத் திறந்து கொடுப்பது இந்த லெப்டோனிகாதான். போட்டோம். மறுபடி ஓட்டினோம். அதே வாக்கியம், ஓர் எழுத்துப் பிசகாமல். உபுண்டு 16.04 தரும் லெப்டோனிகா 1.73. அது காட்டிய வழியில் நூறு முறை போனாலும் 1.73தான் கிடைக்கும், நூறு முறையும் அதே வழியைத்தான் அது காட்டும். அரிச்சந்திரனுக்கு அடுத்து இந்த உறுதியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சரி, லெப்டோனிகாவையும் சோர்ஸிலிருந்தே கட்டுவோம் என்று இறங்கினோம். டான் புளூம்பெர்க் என்பவர் சி மொழியில் எழுதி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்ட லைப்ரரி. காசு கிடையாது, பதிவு கிடையாது, ஒரு வரியையும் பூட்டி வைக்கவில்லை. இதற்கு நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று மூன்றே கட்டளை. திரையில் வரிகள் ஓடின. இது இருக்கிறதா, இருக்கிறது. அது இருக்கிறதா, இல்லை. இன்னொன்று இருக்கிறதா, இருக்கிறது. ஆடிப்பெருக்குத் தண்ணீர் மாதிரி ஓடும் அந்த வரிகளில் ‘இல்லை’யும் ‘இருக்கிறது’ம் ஒரே நிறம், ஒரே அளவு. ஏற்றத்தாழ்வு பார்க்காத அந்தச் சமநோக்கை எப்படிப் போற்றுவது! இல்லாமல் போனது எழுத்துரு அழகா, உயிர்நாடியா என்று அது பேதம் பார்ப்பதில்லை.

“அண்ணா, முடிஞ்சிடுச்சு! ஒரு எர்ரர்கூட வரல” என்றாள்.

அடுத்தது டெஸராக்ட். அந்தப் பழைய லேப்டாப் ஒரு மணி நேரத்துக்கு மேல் சூடாகி மூச்சு வாங்கியது. நடுவில் கரண்ட் போய் வந்தது. கட்டி முடித்து ஓட்டினால், லைப்ரரியைத் திறக்க முடியவில்லை என்றது. லைப்ரரி போய் உட்கார்ந்தது யூஎஸ்ஆர்-லோக்கல்-லிப் அடைவில். அது வந்திருப்பதைச் சிஸ்டத்துக்குச் சொல்ல ‘எல்டிகான்ஃபிக்’ என்று ஒரு கட்டளை தனியாகக் கொடுக்க வேண்டும். விருந்தாளியை வீட்டுக்குள் உட்காரவைத்துவிட்டு, வந்திருக்கிறார் என்று வீட்டுக்காரரிடம் சொல்லாத அடக்கம். இதைப் பற்றி மேக் இன்ஸ்டால் நடக்கும்போதே ஓர் அறிவிப்பு ஓடிவிடுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மேலும் அறிய எந்தக் கையேட்டைப் பார்க்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. படிக்கிற வேகமும் அந்த ஆங்கிலமும் நம்மிடம் இருந்தால் போதும்.

அதையும் தாண்டி முதல் நோட்டீஸைக் கொடுத்தோம். வந்த பதில்: ஃபங்ஷன் நாட் பிரசென்ட்.

இங்கேதான் அதன் வள்ளன்மையை முழுதாகக் கண்டேன். கட்டும்போது டிஃப் படிக்கும் லைப்ரரி கண்ணில் படாவிட்டால் லெப்டோனிகா நம்மைத் திருப்பி அனுப்புவதில்லை. டிஃப் படிக்கும் ஃபங்ஷன்கள் அத்தனையையும் அதே பெயரில், அதே வாசலோடு, உள்ளே ஒன்றுமில்லாமல் செய்து வைக்கிறது. பிஎன்ஜிக்கும் அப்படியே, ஜேபெக்குக்கும் அப்படியே. நாட்டு மருந்துக் கடை அலமாரியில் திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம் என்று பெயர் ஒட்டிய டப்பாக்கள் வரிசையாக நிற்கும். அவசரத்துக்குத் திறந்தால்தான் காலி என்று தெரியும். காய்ச்சல்காரன் திறக்கும்வரை கடையின் மானம் காக்கப்படுகிறது.

இத்தனைக்கும் டிஃப் லைப்ரரி அந்த லேப்டாப்பில் இருந்தது. படம் பார்க்கும் செயலியில் அதே நோட்டீஸ் பளிச்சென்று திறந்தது. தாத்தாவே எட்டிப் பார்த்து, “இதோ தெரியுதே, இது படிக்க மாட்டேங்குதா?” என்றார். ஓடுவதற்கான லைப்ரரி வேறு, கட்டுவதற்கான ஹெடர் கோப்பு வேறு. அந்த ஹெடர் ‘டெவ்’ என்று முடியும் தனிப் பொதியில் வரும். நிலம் காலடியில் இருக்கிறது, பட்டா கையில் இல்லை. ஆபீஸ் வாசலில் அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுப் பழகிய எங்கள் ஊர்ப் பெரியவருக்கு அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காரணத்தை அது மறைக்கவும் இல்லை. கான்ஃபிக்-லாக் என்ற கோப்பில் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே எழுதித்தான் வைத்திருந்தது. எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்பது ரீட்மீயிலும் இருக்கிறது. சுத்துக்கேணிக்காரனுக்குத் தோண்டுவது புதிதல்ல. எங்கள் மண்ணில் பெருங்கற்கால ஈமக்குழிகளைத் தோண்டிய கசால் தம்பதியின் நூல் 1956இல் பாரிசில் வெளிவந்தது. வேண்டியவன் ஆழத்தோண்டினால் கிடைக்கும் என்று இந்த ஊருக்கு எப்போதோ தெரியும். ஆனால் அந்தப் பெண் தோண்டியது போனில் அன்றைக்கு மிச்சமிருந்த டேட்டாவை வைத்து. அது தீர்ந்ததும் என் போன். அதுவும் தீர்ந்ததும் விடியும்வரை காத்திருந்தாள்.

மறுநாள் டிஃப், ஜேபெக், பிஎன்ஜி, இசட்லிப் நான்குக்கும் டெவ் பொதிகளைப் போட்டு லெப்டோனிகாவை மட்டும் திரும்பக் கட்டினோம். டெஸராக்டைத் தொட வேண்டியிருக்கவில்லை. அதன் வெர்ஷனைக் கேட்டால் லெப்டோனிகாவின் கீழே ஒரு வரி வரும்: உள்ளே இருக்கும் பட லைப்ரரிகளின் பெயர்கள். முந்தின நாள் அந்த வரியில் டிஃபின் பெயர் இல்லை. வந்தவர்களை மட்டும் பெயர் சொல்லி அழைக்கும்; வராதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. அப்படி ஒரு நாகரிகம். இன்றைக்குப் பெயர் வந்திருந்தது. அவள் அதை விரலால் தொட்டுக் காட்டினாள்.

இந்த வள்ளன்மை ஒருவரோடு நிற்பதல்ல. பைத்தானுக்கு 1995இல் ஃபிரெட்ரிக் லுண்ட் எழுதிய பிஐஎல் லைப்ரரியும் ஜேபெக் இல்லாமலே சந்தோஷமாக இன்ஸ்டால் ஆனது. போட்டோவைத் திறக்கும்போதுதான் ஜேபெக் டிகோடர் இல்லை என்று தெரியவந்தது. அதிலிருந்து 2010இல் கிளைத்த பில்லோ, 2015இல் 3.0 பதிப்போடு அந்தக் குலப்பெருமையை உதறிவிட்டது. ஜேபெக்கோ இசட்லிப்போ கண்ணில் படாவிட்டால், சும்மா கட்டினால் கட்டாது. இன்னது இல்லை என்று முகத்துக்கு நேரே பெயர் சொல்லி நின்றுவிடும். இல்லை என்று சொல்லிவிட்ட வாய்க்கு வள்ளல் பட்டம் எப்படிக் கொடுப்பது? பில்லோவுக்கு நான் அதைக் கொடுக்க மாட்டேன். அதைப் போட உட்கார்ந்த என் மாணவர்கள் யாருக்கும் மூன்று நாள் திண்ணை பாக்கியம் கிடைத்ததுமில்லை.

காணும் பொங்கல் அன்று சாயங்காலம் முதல் நோட்டீஸின் எழுத்துகள் திரையில் வந்தன. ‘உபயம்’ சரியாக வந்தது. ‘இரவு 10 மணி’ சரியாக வந்தது. ‘ணை’, ‘லை’ பழைய துதிக்கை வடிவத்தில் இருந்த இடங்களில் எல்லாம் தடுமாறியது. தாத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் திருத்தம் சொல்ல, அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அவளுடைய நோட்டின் முதல் பக்கத்தில் அந்த நான்கு டெவ் பெயர்களும் தமிழில், பால்பாயிண்டில், இரண்டு தடவை அடிக்கோடிட்டு இருந்தன.