தாவீதின் பெரிய வெற்றி

கேள்வி: தாவீது ராஜாவுக்கும் பினாங்குத் தமிழர்களுக்கும் என்ன உறவு?
– ஒரு வாசகர், சுங்கை பாக்காப்

பதில்: வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகும் தமிழருக்கு அவர் நபி தாவூது, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகும் தமிழருக்குச் சங்கீதம் பாடிய தாவீது. ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1818-இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் நடந்தே போகிற தூரம்தான்.

ஆடு மேய்த்தவர் 40 ஆண்டுகள் அரசாண்டார் என்கிறது விவிலியம். கோலியாத்தைச் சாய்க்க ஒரு கூழாங்கல் போதுமாக இருந்தது. ஆனால், தன் படைவீரர் உரியாவுக்கு இழைத்த கொடுமையை இறைவாக்கினர் நாத்தான் நேருக்கு நேர் கண்டித்தபோது, அரியணையில் இருந்துகொண்டே குற்றத்தை ஒப்புக்கொண்டாரே, அதற்குத்தான் அதிக வீரம் வேண்டும். கண்ணகி முன் தன் தவறை உணர்ந்து பாண்டியன் உயிரை விட்டான். தாவீது ஆணவத்தை விட்டார். ஆள்வோர் இருவரிடமும் பாடம் கேட்கலாம்.