பெற்றுத் தந்த பெருமை

சேலம் மாவட்டத்து ஏற்காட்டை 2008 மறுவரையறை கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் சேர்த்ததால், அங்குள்ள கிளியூர் அருவிக்காகக் குரல் கொடுக்கும் மக்களவை உறுப்பினர் மலையேறித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் நீங்கிற்று. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்ப் பணிகளைப் பரிந்துரைக்க உதவும் தொகுதி மேம்பாட்டு நிதியை ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பங்கிட்ட பின், விதி 377, அதாவது பொதுப் பிரச்சினையை அவையில் எழுப்பி எழுத்துவழிப் பதில் பெறும் வழி, மிஞ்சுகிறது. நிதியைவிட அது மேலானது, ஏனெனில் நிதி தீர்ந்துவிடும், கோரிக்கை தீராது. மழைக்காலத்தில் மட்டும் அருவியாக விளங்கும் கிளியூர் அருவிக்குக் கோடையிலும் நீர் கேட்டால், நீர் என்பது மாநிலப் பட்டியலின் 17ஆவது இனம், அதாவது மாநில அரசின் பொறுப்பு, என்று அமைச்சகம் தயங்காமல் எழுதும். மத்திய அரசிடம் போராடிப் பெற்றுத் தந்தவற்றை அடுக்கும் தேர்தல் துண்டறிக்கையில் அந்தக் கடிதமே முதலிடம் பெறும்.