அட்டைக்கார அக்கா

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் 'அட்டை' என்னும் சொல் இரண்டைக் குறிக்கும். மழை பெய்த காலையில் பால்காட்டுக்குள் நுழைபவரின் காலைப் பற்றி இரத்தம் குடித்துப் பருப்பது ஒன்று. தீபாவளி நெருங்குகையில் சாப்பாட்டு மேசையைப் பற்றி வீட்டுப் பணத்தைக் குடித்துப் பருக்கும் வாழ்த்து அட்டை மற்றொன்று. முன்னதன்மேல் உப்பைத் தூவினால் கழன்று விழும், பின்னதற்கு மருந்தில்லை. அதைத் தம் கையாலேயே வளர்ப்பவர் அட்டைக்கார அக்கா எனப்படுவார். ரந்தாவ், லாபு, பகாவ் என எப்பக்கம் போனாலும், லயத்துக்கு ஒருவர் இல்லாவிடினும் தோட்டத்துக்கு ஒருவர் உறுதி.

அவருடைய கருவிகளில் முதன்மையானது முத்திரை. பூவோ குத்துவிளக்கோ செதுக்கிய ரப்பர்த் துண்டை மைத்திண்டில் ஒற்றித் தாளில் பதிப்பது. 1877ஆம் ஆண்டு இலண்டனின் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 நாற்றுகளின் வழிவந்த மரங்களைத் தந்தை ஆயுள் முழுதும் சீவி வாளி வாளியாகப் பாலை அனுப்ப, அதில் ஒரு துளியை மகள் சிரம்பான் கடையில் வெள்ளி கொடுத்து மீட்டுவருகிறார் எனலாம். இப்போது பல முத்திரைகள் செயற்கைப் பிசினால் ஆனவை என்பதை அவரிடம் எவரும் சொல்வதில்லை.

அடுத்தது பஞ்ச், தாளை இடையில் செருகி அழுத்தினால் பூவும் பட்டாம்பூச்சியுமாக வெட்டித் தள்ளும் இக்கருவி, ஆபீஸ் கிராணி கோப்புத் தாளில் துளையிடும் கருவிக்கு நெருங்கிய உறவு. கிராணி துளையை வைத்துக்கொண்டு பொட்டை எறிந்துவிடுகிறார். அக்காவோ பொட்டையும் வைத்துக்கொள்கிறார், துளை விழுந்த தாளையும் வைத்துக்கொள்கிறார். அவர் வீட்டு மைலோ டின்களில் மைலோவைத் தேடி ஏமாந்த விருந்தினர் பலர்.

அடுக்கு என்பது தடித்த மணிலா அட்டைமேல் வண்ணத்தாள், அதன்மேல் அதனினும் சிறிய தாள், உச்சியில் பூ என ஒட்டிச் செல்வது. பூ தாளில் படியாமல் மிதக்கும்படி இடையே இருபுறமும் ஒட்டும் நுரைநாடாத் துண்டுகளை வைப்பர். ரப்பர் இலையை வாரக்கணக்கில் நீரில் ஊறவிட்டு, பச்சை அழுகியபின் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்தெடுக்கும் நரம்புவலையை அவர் அவ்வடுக்கில் ஒரு திரையாகப் பரப்பும்போது, கேலி பேசியவர்களும் வாயடைத்து நிற்பர். ஊறிய வாரங்களில் பக்கத்து வீட்டார் பேசியது வேறு.

எல்லாருக்கும் கடிதம் எழுத நேரமின்மையால்தான் ஹென்றி கோல் என்னும் ஆங்கிலேயர் 1843இல் ஓவியர் ஹார்ஸ்லியைக் கொண்டு முதல் கிறிஸ்துமஸ் அட்டையை வரைவித்து அச்சிட்டார். நேரத்தை மிச்சப்படுத்தப் பிறந்த அப்பண்டத்தில் ஒன்றைச் செய்து முடிக்க அக்காவுக்கு இரண்டு இரவுகள் வேண்டும். "கடையில ரெண்டு வெள்ளிக்குக் கெடைக்குதே அக்கா" என்றால், "அது சப்பையா இருக்கும்" என்பதே விடை.

சப்பையாக இல்லாமையால் இவருடைய அட்டை எந்த உறைக்குள்ளும் நுழையாது. ஆகவே தபாலை நம்பாமல், முறுக்குத் தட்டோடு வீடு வீடாகச் சென்று நேரில் கொடுப்பார். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சொல்லும் இராது. தம் கையெழுத்து அழகைக் கெடுத்துவிடும் என்று விட்டுவைத்திருப்பார். பெற்றவர் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்தாக வேண்டும். அடுத்த முறை வரும் அக்கா நலம் விசாரிக்குமுன் அலமாரியைத் திறந்து, பூ உதிர்ந்திருக்கிறதா என்று நோக்குவார். கைப்பையில் பசை இருக்கும்.