பேட்டரி இறங்கினால் வோல்டேஜ் ஏறும்

ரிச்சி தெருவில் ஒரு பிரியாணி விலைக்கு மஞ்சள் மல்டிமீட்டர் கிடைக்கும். நடுவில் வட்டமாக ஒரு திருகு, கீழே சிவப்பு, கறுப்பு வயர்களைச் சொருக மூன்று ஓட்டைகள், ஓரத்தில் டிரான்சிஸ்டரைச் சொருகிப் பார்க்கச் சின்னச் சின்னத் துளைகள். இந்தக் கடைசிச் சமாசாரத்தை யாரும் பயன்படுத்தியதாகத் தகவல் இல்லை. டிடி-830 என்ற பெயரில் உலகம் முழுக்க விற்கும் இந்த மீட்டரின் பலம் அதன் விலையில் மட்டும் இல்லை, தசமப் புள்ளி வைத்துப் பேசுவதிலும் இருக்கிறது. "கரண்டு கொஞ்சம் ஜாஸ்தியா வருது போல" என்று மனிதர் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. மீட்டர் 15.63 என்று சொல்லிவிட்டால் எதிர்ப்பேச்சு கிடையாது.

கேளம்பாக்கத்தில், வண்டலூர் சாலை வந்து ஓ.எம்.ஆரில் முட்டும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் இந்த மீட்டரின் பரம பக்தர். பணி ஓய்வு பெற்றவர். லிஃப்ட் முதல் காலிங்பெல் வரை எதையும் குத்திப் பார்க்காமல் விடமாட்டார். கத்திரி வெயில் காலத்து ராத்திரி ஒன்றில், ஹாலில் இருந்த பிளக் பாயின்ட்டில் மீட்டரைச் சொருகினார். 288 என்று காட்டியது.

நம் ஊரில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் காலத்திலேயே இதில் ஆறு சதவீதம் வரை ஏற்ற இறக்கம் இருக்கலாம் என்று வைத்திருந்தார்கள். அதாவது 216இலிருந்து 244 வரை. 288 என்றால் ஃப்ரிட்ஜ், டிவி, ஏசி எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் திவசம். அதோடு, திரையின் ஓரத்தில் ஆங்கிலத்தில் 'எச்.வி.' என்றும் இரண்டு எழுத்து தெரிந்தது. ஹை வோல்டேஜ்! மீட்டரே சொல்லிவிட்டதே! (திருகை 750 வோல்ட் பக்கம் வைத்தாலே, வயரை எதிலும் சொருகாமலேகூட, இந்த மீட்டர் அந்த இரண்டு எழுத்தையும் காட்டும். 'பெரிய வோல்டேஜ் பக்கம் வந்திருக்கிறாய், கையை ஜாக்கிரதையாக வை' என்று அர்த்தம். அவ்வளவுதான்.)

செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் கொளுத்திப் போட்டார். பத்து நிமிடத்தில் மூன்று மாடியிலும் விளக்கு அணைந்தது. கரண்டு இருக்கும்போதே மெழுகுவத்தி ஏற்றிய ஒரே குடியிருப்பு என்ற பெருமை அன்று அவர்களுக்குக் கிடைத்தது. குளிர்ச்சி போய்ப் புளித்துவிடக்கூடாதே என்று ஒரு மாமி ஃப்ரிட்ஜில் இருந்த மாவைத் தோசையாக வார்த்துத் தீர்த்தார்.

ஊரே ஏசி போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கத்தானே வேண்டும், எப்படி ஏறும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றிய ஒரு கல்லூரி மாணவனை "நீ போய்ப் படி" என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து செயலாளர் இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் போனார். பன்னிரண்டரை வோல்ட் சுமாருக்கு இருக்க வேண்டிய இடத்தில் 15.63. சார்ஜர் பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது என்று தீர்மானித்து, அதன் வயரையும் கழற்றிப் போட்டார். இப்போது உண்மையிலேயே இருட்டு.

காலையில் இ.பி.யிலிருந்து லைன்மேன் வந்தார். கையில் டாங் டெஸ்டர். அதே பிளக் பாயின்ட்டில் வைத்தார், 234.

"சார், உங்க மீட்டர்ல பேட்டரி எப்ப மாத்துனீங்க?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. வீக்கா இருந்தா கம்மியாத்தானே காட்டணும்? இது ஜாஸ்தியால்ல காட்டுது!"

செயலாளரின் வாதத்தில் தர்க்கம் இருக்கிறது. டார்ச் லைட்டில் பேட்டரி இறங்கினால் வெளிச்சம் மங்கும், கடிகாரத்தில் இறங்கினால் முள் நிற்கும். மல்டிமீட்டர் மட்டும், தெம்பு குறையக் குறையக் கூட்டிச் சொல்லும்.

காரணம் அதன் வயிற்றில் இருக்கிறது. மூடியைக் கழற்றினால் பச்சை போர்டில் கறுப்பாக ஒரு தார்ப்பொட்டு தெரியும். அதற்கு அடியில் இருப்பது, 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் இன்டர்சில் நிறுவனம் கொண்டுவந்த 7106 என்ற சிப்பின் ஏதோ ஒரு வாரிசு. அது அளக்கும் முறை எளிமையானது. வெளியிலிருந்து வரும் வோல்டேஜை வைத்து ஒரு கெபாசிட்டரைக் குறிப்பிட்ட நேரத்துக்கு நிரப்பும். பிறகு தன்னிடம் இருக்கும் நிலையான ஒரு வோல்டேஜை வைத்து அதைக் காலி செய்யும். காலியாக எவ்வளவு நேரம் ஆனது என்று எண்ணும். அந்த எண்ணிக்கைதான் திரையில் வருவது.

அந்த நிலையான வோல்டேஜ் ஒன்பது வோல்ட் பேட்டரியிலிருந்தே எடுக்கப்படுகிறது. பேட்டரி ஏழு வோல்ட்டுக்கு மேல் இருக்கும்வரை அது அசையாது. அதற்குக் கீழே போனால் அதுவும் கூடவே இறங்கும். காலி செய்யும் வேகம் குறையும், எண்ணிக்கை கூடும். காய்கறிக் கடையில் எடைக்கல் தேய்ந்தால் முக்கால் கிலோ கத்திரிக்காய் ஒரு கிலோவாக நிற்குமே, அதே கதைதான். எடைக்கல்லுக்காவது தொழிலாளர் துறையிலிருந்து வந்து முத்திரை குத்துவார்கள். செயலாளரின் மேஜை டிராயருக்குள் யார் வருவார்கள்?

டிராயரைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த மஞ்சள் மீட்டருக்குத் தானாக அணையத் தெரியாது. திருகை ஆஃபுக்குத் திருப்பாமல் உள்ளே போட்டால், அங்கேயே படுத்துக்கொண்டு இரவு பகலாக 000 என்று காட்டிக்கொண்டிருக்கும். அது இழுப்பது என்னவோ ஒரு மில்லி ஆம்பியர் சுமாருக்குத்தான். ஆனாலும் சாதாரணக் கார்பன் பேட்டரி இரண்டு மூன்று வாரத்தில் படுத்துவிடும்.

'பேட்டரி போச்சு' என்று காட்டும் சின்னம் வராதா? வரும், நல்ல மீட்டர்களில். மலிவு மீட்டர்களில் சிலவற்றில் அது ரொம்பத் தாமதமாக வரும், சிலவற்றில் வரவே வராது. பெரிய கம்பெனி மீட்டர்களோடு வரும் கையேட்டில், சின்னம் தெரிந்த உடனே பேட்டரியை மாற்று, தப்புக் கணக்கை நம்பிக் கை வைத்தால் ஷாக் அடிக்கும் என்று எச்சரிக்கை இருக்கும். மஞ்சள் மீட்டரோடு வரும் காகிதத்தைப் பெட்டிக்கு வெளியே எடுத்துப் படித்த ஜீவன் இன்னும் பிறக்கவில்லை.

இதைவிடக் குசும்பு ஒன்று உண்டு. ஓம்ஸ் பக்கம் திருப்பி ரெசிஸ்டர் எதையாவது அளந்தால் அதே மீட்டர் சரியாகக் காட்டும்! அந்தப் பக்கத்தில், தெரிந்த ரெசிஸ்டர் ஒன்றோடு தெரியாததை ஒப்பிட்டு விகிதம் பார்க்கிறது. பேட்டரி இறங்கினால் இரண்டுக்கும் சேர்ந்தே இறங்குவதால் விகிதம் மாறுவதில்லை. செயலாளரும் அன்று இரவே மிக்சி காயிலை அளந்து பார்த்து, "மீட்டர் கரெக்டா இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்திருந்தார்.

லைன்மேன் சுவர்க் கடிகாரத்துக்கு வாங்கி வைத்திருந்த புது பென்சில் செல் ஒன்றைக் கேட்டு வாங்கினார். புது செல் 1.6 வோல்ட்டை ஒட்டி இருக்கும். மஞ்சள் மீட்டர் 1.97 என்றது. "இந்த செல்லுக்கும் ஹை வோல்டேஜா சார்?" என்று கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

செயலாளர் ஜங்ஷன் பக்கம் இருந்த எலக்ட்ரிக்கல் கடைக்குப் போய் ஒன்பது வோல்ட் பேட்டரி கேட்டார். அடிபட்டவர் ஆயிற்றே, "பழைய ஸ்டாக்கா இருந்தா வேண்டாம்" என்றும் சொன்னார். கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. கல்லாவுக்கு அடியிலிருந்து தன் மீட்டரை எடுத்தார். அதுவும் மஞ்சள். பேட்டரியின் இரண்டு முனையிலும் குத்திக் காட்டினார்.

"பாருங்க சார், 9 வோல்ட்டுனுதான் எழுதியிருக்கு, 11.4 வருது. அவ்வளவு ஃப்ரெஷ்!"

செயலாளர் இரண்டு பேட்டரி வாங்கினார். ஒன்றைக் கடைக்காரரிடமே நீட்டி, "இதை உங்க மீட்டர்ல போட்டுக்குங்க" என்றார்.

"அதெல்லாம் எதுக்கு சார்? இதுல பேட்டரி நல்லாத்தான் இருக்கு. சிம்பலே வரலையே."